இரண்டாம் முறை கேட்க வேண்டும்

1

முன்பனிக் காலம் இம்மலைகளில் ஓசையின்றி இறங்கும். லார்ச் மரங்கள் தம் பொன்னிற ஊசியிலைகளை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையோடு நிற்கும். மேய்ச்சல் முடித்த பசுக்கள் தொழுவம் புகுந்துவிட, அவற்றின் கழுத்துமணிகள் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கி நாவடங்கிக் கிடக்கும். ஓடைகள் கரையோரத்தில் கண்ணாடி கட்டி, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடும். கதிரவன் தென்முகட்டின் மேல் ஏற வலுவில்லாதவனாய், அதன் விளிம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நண்பகல் கழிந்ததுமே விடைபெறுவான். அப்போது பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு நீலம் பரவும். நஞ்சை அடக்கிய கண்டத்தின் நீலம் அது. பார்க்கக் கடுமை, உள்ளே காவல். திரியைத் தூண்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் வீட்டைப்போல் மலை பனிக்காகக் காத்திருக்கும். ஓசையின்றி.

2

ஓசையின்றி என்று இருமுறை எழுதியிருக்கிறேன். இரண்டும் பொய்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் சன்னலுக்கு நேரே பனிப்பீரங்கி ஒன்று இயங்குகிறது. தண்ணீரைத் தூளாக்கி உறையவைத்து மலைமேல் ஊதும் எந்திரம். விமானம் கிளம்புவதற்கு முன் எழுப்பும் அதே அலறல், ஆனால் இது கிளம்புவதே இல்லை. இந்த ஆண்டு வானம் பனி தரவில்லை. எனவே பழுப்பு மலையின் நெற்றியில் ஒற்றைக் கோடாக ஒரு நாமத்தை இழுத்து வைத்திருக்கிறார்கள். அதன்மேல் சறுக்கத்தான் ஐரோப்பா முழுவதும் திரண்டு வந்திருக்கிறது.

கதை பிறந்த வகையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகையாசிரியர் கேட்டார்: “நீங்கள் வாழ்க்கைப்பட்டுப் போய் நெடுங்காலம் இருந்த லெர்கன்போடனுக்கு மறுபடியும் போய், பனிச்சறுக்க வரும் நம் வாசகர்களுக்குப் பயன்படும் குறிப்புகளோடு ஒரு பயணக் கட்டுரை தர முடியுமா?” முடியும் என்றேன். இன்ஸ்புருக்கிலிருந்து பேருந்தேறி வந்தேன். ரோப் காருக்கு வரிசை, வரிசையில் நிற்க முன்பதிவு, முன்பதிவுக்குச் செயலி, செயலிக்குக் கடவுச்சொல். மார்பில் தொங்கும் அட்டையைக் காட்டாமல் எந்தக் கதவும் திறக்கவில்லை. கழிப்பறையும் அட்டை கேட்டது. உணவகத்தின் ஒலிபெருக்கியில் பகலெல்லாம் ஒரே பாட்டு. அதில் ஒரே வரி.

வாசகர்களுக்குக் குறிப்பு: கையுறை இரண்டு சோடி கொண்டு வாருங்கள். கட்டுரை முற்றிற்று.

(நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர் உறைபனிக்கென்று ஒரு நிலத்தை வகுக்காமல் விட்டது எனக்கு நெடுநாள் குறை. இப்போது அக்குறை இல்லை. இந்நிலத்துக்கு உரிப்பொருள் என்ன என்று என்னைக் கேட்டால், வரிசையில் நிற்றலும் நிற்றல் நிமித்தமும் என்பேன்.)

கட்டுரை முடிந்த இடத்தில் கதை தொடங்கியது. வெள்ளைத் தடம் ஊருக்குள் நுழையும் கழுத்துப்பகுதியில், குறுக்கே ஒரு மாட்டுவேலி நின்றது. மார்கழி பிறந்த பிறகு அந்த இடத்தில் வேலி நின்று நான் பார்த்ததே இல்லை.

3

வேலியைச் சொல்வதற்கு முன் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்; விளக்கம் கதைக்குப் பகை.

சறுக்குத்தடம் முழுவதும் உழவர்களின் புல்வெளி. கோடையில் வேலிக்குள் இருக்கும். மண் உறைவதற்கு முன், ஐப்பசிக் கடைசியில் வரும் மார்ட்டின் திருநாளன்று, சறுக்குவோரை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் கம்பெனியின் தலைவர் ஒவ்வொரு வீட்டு அடுக்களைக்கும் தாமே போவார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “இந்தக் குளிர்காலம் உங்கள் நிலத்தின் மேல் போகலாமா?” என்று கேட்பார். நிலத்துக்காரர் முடியாது என்பார். முதல் முறையே இசைவது இங்கே மரியாதைக் குறைவு; வந்தவரைச் சீக்கிரம் வாசலுக்கு அனுப்புவதற்கு ஒப்பு. தலைவர் உட்கார்ந்து ரொட்டி உருண்டை போட்ட சூப்பைக் குடித்துவிட்டு இரண்டாம் முறை கேட்பார். அப்போது பேரிக்காய்ச் சாராயம் ஊற்றப்படும். இருவரும் குடித்துவிட்டு வெளியே போய், வேலியின் முதல் கட்டையை இருபுறமும் பிடித்துச் சேர்ந்து பிடுங்குவார்கள். மற்ற கட்டைகளைக் கம்பெனி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் பார்த்த வேலி நோட்புர்காவுடையது. அவள் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி, மணமாகாதவள், ஆறேழு பசுக்களும் கூர்மையான நாக்கும் உடையவள். அவளுடைய புல்வெளியின் ஓரத்தில் ஒரு குருசடி உண்டு: சிறு மரக்கூரை, அதன்கீழ் சிலுவை, சிலுவையில் வண்ணம் தீட்டிய ஒரு தகடு. அவளுடைய தம்பி காசியான் நினைவாக நட்டது. மேலே திரண்டிருந்த பனியை வெடிவைத்துச் சரிப்பது அவன் வேலை. ஒரு காலை, சறுக்குவோர் வருவதற்கு முன், அந்தப் பனி அவனையும் சேர்த்து இறக்கிக்கொண்டு வந்தது. இந்தப் புல்வெளியில்தான் கண்டெடுத்தார்கள்.

பழைய தலைவர் கெப்ஹார்ட், முதல் கட்டையைப் பிடுங்கிய கையோடு அந்தக் குருசடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார். அவர் போன வசந்தத்தில் ஓய்வுபெற்றார். புதிய தலைவர் வாலன்டின். காசியானின் மகன்.

(இவ்வளவையும் உரையாடலின் வழியே நுழைத்திருக்க வேண்டும் என்று தேர்ந்த வாசகர் சொல்வார். நுழைத்துப் பார்த்தேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை எனக்கே சொல்ல நோட்புர்கா மறுத்துவிட்டாள்.)

4

“தோத்திரம், மங்கை. பூட்ஸ வெளிய விட்டுட்டு வா. இப்பதான் தரையத் தொடச்சேன்.”

மங்கையர்க்கரசி என்ற என் பெயரை இவ்வூர் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டது. அடுக்களை மாறவில்லை, அடுப்பின் மேல் சூப்புப் பானை இருந்தது.

“அக்கா, ஊரே உங்க வேலியத்தான் பேசுது.”

“பேசட்டும். வேற என்ன வேல அவனுங்களுக்கு?”

“வாலன்டின் கேக்கலையா?”

நோட்புர்கா தன் கைப்பேசியைச் சாணி மிதித்த செருப்பைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“கேட்டான். இதுல. மார்ட்டின் திருநாள் அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பிச்சிருக்கான். ‘ஆம்’னு ஒண்ணு, ‘இல்லை’ன்னு ஒண்ணு. எத வேணா அமுக்கலாமாம்.”

“மத்தவங்க?”

“வெக்கங்கெட்டதுங்க. எல்லாரும் மொத தடவையே ‘ஆம்’னு அமுக்கிட்டாங்க.”

“நீங்க?”

“மொத தடவ கேட்டா என்ன சொல்லணும்? ‘இல்லை’ன்னு அமுக்குனேன். அப்புறம் சூப்ப அடுப்புல ஏத்துனேன். ரெண்டாவது தடவ கேக்க வருவான்னு தொப்பி மாட்டுற ஆணியில இருந்த என் துண்டக்கூட எடுத்து வெச்சேன்.”

“அப்புறம்?”

“‘உங்கள் பதிலுக்கு நன்றி’ன்னுச்சு. அணஞ்சு போச்சு.”

பனிப்பீரங்கி வெளியே அலறிற்று. சன்னல் கண்ணாடி நடுங்கிற்று. நோட்புர்கா அதைப் பார்த்து, ஒரு மாட்டை அதட்டுவதுபோல், “ச்சீ, சும்மா கெட,” என்றாள்.

5

கதைக்கு ஒரு பகைவன் வேண்டும். வாலன்டினை அப்படி அமைக்கத் தீர்மானித்துத்தான் அவனுடைய அலுவலகத்துக்குப் போனேன். ‘கண்ணாடிச் சுவரின் பின்னே, பனியின் குளிரைக் கண்களில் ஏந்தியவனாய்’ என்று ஒரு வாக்கியம்கூட ஆயத்தமாக

(விட்டுவிட்டேன். அவனுக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து வந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளர் என்னதான் செய்வது?)

“சித்தி, அத்தை ‘இல்லை’ன்னு சொல்லிட்டாங்க. பதிவாயிருச்சு. இனிமே அந்தப் பக்கம் கால வெக்காதீங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு. நாளைக்குத் தடத்துக்குத் தொறப்பு விழா. கீழ வரைக்கும் சறுக்கலாம்னு உலகம் பூரா விளம்பரம் போட்டிருக்கு.”

“மொத தடவ ‘இல்லை’ன்னுதான்டா சொல்லுவாங்க. நீ இந்த ஊர்ல பொறந்தவன்தானே?”

அவன் சன்னல் பக்கம் திரும்பினான். “தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“இன்னொரு தடவ லிங்க் அனுப்பச் சொல்லியிருக்கேன்.”

“லிங்க் வந்து சூப்பு குடிக்குமா?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாறிற்று. இருமல் அடங்கியபின் அவன் சொன்னதை நான் அழகுபடுத்தாமல் தருகிறேன்.

“அப்பாவ எடுத்த நாள்லேர்ந்து நான் அந்த எடத்துக்குப் போனதில்ல சித்தி. ரோப் கார்ல ஏறுனாக்கூட அந்தப் பக்கத்துக்கு முதுகு காட்டித்தான் உக்காருவேன். அத்தை வீட்டுக்குப் போனா சூப்போட முடியாது. கட்டையப் பிடுங்கணும். கட்டையப் பிடுங்கிட்டுத் திரும்புனா நேரா அதுதான் நிக்குது. எல்லாரும் பாத்துட்டிருப்பாங்க. நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.”

“அதுக்காகவா இந்த ஆம், இல்லை எல்லாம்?”

“நெறைய நேரம் மிச்சமாகுதுன்னு எல்லாரும் பாராட்டுனாங்க,” என்றான் வாலன்டின், தரையைப் பார்த்துக்கொண்டு.

இந்த இடத்தில் நான் எழுதியது: வாலன்டின் மெல்ல எழுந்தான். கொக்கியிலிருந்த தொப்பியை எடுத்தான். கதவைத் திறந்து, அத்தையின் வீடு இருந்த திசையை நோக்கி

எழவில்லை. தொப்பி கொக்கியில் இருந்தது. மறுபடியும் எழுதினேன், மறுபடியும் எழவில்லை. அவன் அலுவலகத்துக்கும் அவள் அடுக்களைக்கும் இடையே ஒரு குறுகிய சரிவுதான். கயிலைக்குத் தலையாலும் கையாலும் நடந்து சென்றவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த மனிதனை ஒரு புல்வெளி தாண்டவைக்க என்னால் முடியவில்லை.

6

இரண்டாவது லிங்க் வந்தபோது நான் நோட்புர்காவின் அடுக்களையில் இருந்தேன். கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, சின்னக் கோப்பை ஒன்றில் பேரிக்காய்ச் சாராயத்தை ஊற்றிக் கைப்பேசிக்கு முன்னால் வைத்தாள்.

“ரெண்டாவது தடவ கேட்டாச்சாம். எடுத்துக் குடிக்கச் சொல்லு.”

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரை இருண்டது.

“குடிக்க மாட்டேங்குது,” என்றாள்.

“அக்கா, போதும் வெளையாட்டு. கீழ சத்திரம் நடத்துற அலோயிஸ் தலைல கை வெச்சு உக்காந்திருக்காரு. சறுக்கி வர்றவங்க வந்தாத்தான் அவருக்குப் பொழப்பு.”

“அலோயிஸுக்கு என்ன, அவன் போன வருசம் வித்த சூப்பையே இந்த வருசமும் சுட வெப்பான்.” கோப்பையை எடுத்துத் தானே குடித்தாள். குரல் இறங்கிற்று. “எனக்கு நெலம் பெருசில்ல மங்கை. எந்திரப் பனி சித்திரை வரைக்கும் உருகாது, புல்லு நேரத்துக்கு மொளைக்காது, அதெல்லாம் வருசா வருசம் பட்டதுதான். அந்தப் பய அவங்கப்பன் முன்னாடி ஒரு தடவ வந்து நிக்கட்டும். கெப்ஹார்ட் யாரு? அசலான். அவன் வந்து மெழுகுவத்தி ஏத்துவான், பெத்த புள்ள வரமாட்டான். இந்த வருசம் இவன்தான் தலைவர்னு கேட்டதும், சரி, ஆண்டவரே கேக்க அனுப்புறாருன்னு நெனச்சேன்.” கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “வரட்டும். வேலிய நானே பல்லால கடிச்சுப் பிடுங்கிப் போடுறேன்.”

‘ஆம்’ என்ற பொத்தான் அவளுடைய கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை நான் அமுக்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கதாசிரியர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்? அவள் என் எண்ணத்தைப் படித்தவள்போல் கைப்பேசியை எடுத்து மாவுச் சாடிக்குள் போட்டு மூடினாள்.

7

திறப்பு விழாவன்று நடந்ததை நான் புனையவில்லை. புனைந்திருந்தால் இவ்வளவு அசட்டுத்தனமாகப் புனைந்திருக்க மாட்டேன்.

கம்பெனி ஆட்கள், எப்படியும் வேலி போய்விடும் என்ற நம்பிக்கையில், அதன் கம்புவரைக்கும் பனியை ஊதி வைத்திருந்தார்கள். ஊதியதில் ஒரு பங்கைக் காற்று வேலிக்கு அப்பால் கொண்டுபோய்க் குருசடியின்மேல் குவித்திருந்தது. கூரையின் நுனி மட்டும் தெரிந்தது. நோட்புர்காவும் நானும் அவளுடைய புல்வெளிப் பக்கம் நின்றிருந்தோம்.

மேலிருந்து முதல் மனிதர் சறுக்கி வந்தார். வேலியைக் கண்டார். நின்றார். அடுத்தவர் வந்து அவர் பின்னால் நின்றார். அதற்கடுத்தவர் அவர் பின்னால். சற்று நேரத்தில் வளைந்து நெளிந்து ஒரு வரிசை உருவாகிவிட்டது. முன்னால் நின்ற செம்மூக்கு ஒல்லாந்தர், அட்டை இருந்த மார்புச் சட்டைப்பையை வேலிக்கட்டையின்மேல் வைத்து அழுத்தினார். ஒன்றும் திறக்கவில்லை. குனிந்து மறுபடியும் அழுத்தினார்.

“இது வேல செய்யல,” என்றார்.

“குளுருல அப்படித்தான் ஆகும். அட்டைய வெளிய எடுத்து ஊதிட்டு வைங்க,” என்றாள் பின்னால் நின்ற அவர் மனைவி.

கீழிருந்து அலோயிஸ் மூச்சிரைக்க ஏறி வந்தார். “ஐயா! அது தொறக்குற கேட்டு இல்லய்யா! மாட்டு வேலி!”

“அப்ப மாட்டு அட்டை எங்க வாங்கணும்?”

“நோட்புர்கா! இந்தக் கூத்தப் பாத்தியா? எல்லாரும் கட்டையக் கட்டிப்பிடிச்சு நிக்கிறானுங்க பாரு!” என்றார் அலோயிஸ்.

“பாக்குறேன்,” என்றாள் நோட்புர்கா. “கட்டையத் தொட்டுக் கேக்கணும்னு ஒல்லாந்துக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ளூர்க்காரனுக்குத் தெரியல.”

அலோயிஸ் அவர்களைக் காட்டுப்பாதை வழியாகக் கீழே நடத்திக்கொண்டு போனார். சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு, புண்பட்ட முகங்களோடு அவர்கள் நடந்தார்கள். எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது: கேட்கத் தெரியாத எந்திரம்மேல், கேட்கத் தெரிந்தும் வராதவன்மேல், பிடிவாதக்காரிமேல், பயணக் கட்டுரை கேட்ட பத்திரிகையாசிரியர்மேல்.

வெயில் தென்முகட்டுக்குப் பின்னால் இறங்கியது. நீலம் பரவியது. மேலே, ஆளற்ற வெள்ளைக் கோட்டில், ஒருவன் மட்டும் சறுக்கி வந்தான். தடம் வேலியில் முடிகிறது என்று யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும். வேலிக்கு எதிரே வந்து நின்று, பலகைகளைக் கழற்றி, மூக்கைத் துடைத்தான்.

8

இப்போது வாலன்டின் வேலிக்கு அந்தப் பக்கம். நோட்புர்கா இந்தப் பக்கம். முடிவு எழுத வேண்டும். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: அவன் வேலியைத் தாண்டி வந்து குருசடியின் முன் முழங்காலிட்டு அழுதான். (எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. ‘நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது’ என்று சொன்னவனின் வாயில் நான் அழுகையைத் திணிப்பது எந்த அறம்?)

இரண்டாம் முடிவு: அவள் இரங்கி, தானே கட்டையைப் பிடுங்கினாள். (மண் உறைந்துவிட்டது. ஒற்றை ஆளால் ஆகாது. மார்ட்டின் திருநாளில் கேட்கச் சொன்னவர்கள் அறியாமலா சொன்னார்கள்?)

மூன்றாம் முடிவு: அன்றிரவு இயற்கையாகவே பெரும்பனி பொழிந்து வேலி, குருசடி, தடம், வழக்கு எல்லாவற்றையும் ஒரே வெண்மையாக (வானத்தை வேலைக்கு வைத்துக் கதையை முடிப்பது எந்திரத்தை வைத்துக் கேட்பதைவிட மோசம்.)

ஆகவே நடந்த வரைக்கும் சொல்கிறேன். நோட்புர்கா முதல் கட்டையின் அருகே போய், கையுறையோடு தன் பக்கத்தைப் பிடித்தாள். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள். வாலன்டின் அவளுக்குப் பின்னால் மேடிட்டிருந்த பனியைப் பார்த்தான். அந்தக் கூரைநுனியை அவன் முதன்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

“அத்தே...” என்றான்.

“என்னடா?”

அவன் தொப்பியைக் கழற்றினான். காதுகள் சிவந்திருந்தன. தொப்பியின் விளிம்பைத் திருகினான்.

“இங்க பாரு,” என்றாள் நோட்புர்கா. “அடுப்புல சூப்பு இருக்கு. அவசரமில்ல.”

நான் முன்பு எழுதிய உரிப்பொருளைத் திருத்திக்கொள்கிறேன். இந்நிலத்துக்கு உரியது, கேட்கப்படுதலும் அதற்குக் காத்திருத்தலும்.

9

அந்த நேரத்தில் எனக்கு அங்கே வேலை இல்லை என்பது எனக்கு விளங்கியது. அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குருசடியின் பக்கம் திரும்பினேன்.

கொண்டு வந்திருந்த இரண்டாவது சோடிக் கையுறையை முதல் சோடியின்மேல் மாட்டிக்கொண்டு பனியைத் தள்ளினேன். எந்திரப் பனி மணல்போல் கனத்தது. கூரை வெளிப்பட்டது, பிறகு சிலுவையின் தோள்கள், பிறகு தகடு. காசியானின் பெயரையும், தீட்டியவர் அவனுக்குக் கொடுத்த சற்றுப் பெரிய மீசையையும் முந்தானை நுனியால் துடைத்தேன். கையுறைகளைக் கழற்றிவிட்டு, நோட்புர்கா காலையிலேயே என் பையில் போட்டிருந்த மெழுகுவத்தியை எடுத்துப் பற்றவைத்தேன். காற்று அணைத்தது. போட்டிருந்த கோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து, உடம்பையே சுவராக்கிக் குனிந்து நின்று மறுபடியும் பற்றவைத்தேன். நின்றது.

மார்கழி அல்லவா? சிறுவயதில் விடியலில் பாடியவற்றுள், பனிமலை உறைபவனைத் துயிலெழுப்பும் பாட்டு ஒன்று வாயில் வந்தது. அவனுக்கும் பனிதான் வீடு. இதையும் அவன் பார்த்துக்கொள்வான் என்று, உதடு மட்டும் அசையப் பாடினேன். பனிப்பீரங்கியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன்.

எனக்குப் பின்னால் ஒரு ஓசை கேட்டது. உறைந்த மண்ணில் மரம் நெரிபடும் ஓசையாக இருக்கலாம். கனத்த காலணி வேலியின் கம்பில் ஏறும் ஓசையாக இருக்கலாம். பலகைகளை மாட்டிக்கொண்டு ஒருவன் திரும்பிப் போகும் ஓசையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நான் திரும்பினால் சுடர் அணைந்துவிடும். ஆகவே திரும்பவில்லை. கட்டையின் இந்தப் பக்கத்தில் இருந்த கையை உங்களுக்குக் காட்டிவிட்டேன். மறுபக்கத்தில் யாருடைய கை இருந்தது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் மெழுகுவத்தி இல்லை.

கேட்க வருவோர் வாழ்க. முதல் முறை மறுப்போரும் வாழ்க. மறுத்தபின் அடுப்பை அணைக்காதவர் நெடிது வாழ்க. பனி தன் பருவத்தில் பெய்க. புல் தன் பருவத்தில் எழுக. பனிக்குள் போனவர் அமைதி கொள்க. யாவர்க்கும் இரண்டாம் முறை ஒன்று அருளப்படுக.